திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் எந்த ஆராய்ச்சிக்கு முதலிடம் தரவேண்டும்?

ஆஸ்திரேலியாவை வைத்தே சொல்கிறேன். அங்கே டன்னுக்கு 5 சென்ட் வீதம் நிறுவனங்களே போட்டு 'ஏகார்ப்' என்ற ஆராய்ச்சி நிதியை நடத்துகின்றன. என்னைக் கேட்டால் முதலிடம் சுரங்கச் சுவர்ச் சரிவுக்குத்தான். மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் வந்துவிட்டது, ஆனால் நகர்கிற சுவர் எப்போது விழும் என்று சொல்வது இன்னும் கஷ்டம். அடுத்து வெடிவைப்பு. அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்து ஈரமான துளையில் சரியாக வெடிக்காவிட்டால் ஆரஞ்சு நிறப் புகை கிளம்பும், அது நைட்ரஜன் டைஆக்சைடு, நுரையீரலுக்கு நஞ்சு, காற்று திரும்பினால் பக்கத்து ஊருக்கே போய்விடும். ஓட்டுநர் இல்லாத லாரி எல்லாம் சரி, லாபம் இருப்பதால் அதற்குப் பணம் தானாக வரும். தோண்டி முடித்த பள்ளத்துக்குத்தான் யாரும் அவசரப்படுவதில்லை. ஹண்டர் பள்ளத்தாக்கில் அப்படி விடப்படும் குழிகளில் தேங்கும் நீர் ஆவியாகி ஆவியாகி உப்பேறிக்கொண்டே போகும், அப்புறம் அது விவசாயத்துக்கும் உதவாது.