செட்டிநாட்டு வீட்டு மாடல்: அட்டைச் சுவர் வளைவது ஏன்?

வணக்கம் நண்பரே. பிள்ளைகளோடு போடும் ரயில் பாதைக்கு, 1:87 அளவில் (நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு) அட்டையில் செய்த செட்டிநாட்டு வீட்டின் முகப்புச் சுவர் பெயிண்ட் அடித்ததும் வில்லாக வளைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அட்டையில் குறையில்லை. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். உள்பக்கமும் அதே பெயிண்டை ஒரு கை அடித்து, இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே ஒரு ராத்திரி வையுங்கள். அப்புறம் உள்ளே குறுக்குச் சட்டம் ஒட்டுங்கள். முகப்பு நீளம் என்பதால் நாலு விரலுக்கு ஒன்று வேண்டும்.

பத்தடிச் சுவர் இந்த அளவில் 35 மில்லிமீட்டர்தான் வரும். திண்ணையைத் தாராளமாக விடுங்கள், அது இல்லாமல் நம் ஊர் வீடு இல்லை.

நாட்டு ஓட்டுக்கு நான் செய்வது: கெட்டியான டிராயிங் தாளை மடித்த துணிமேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் அழுத்திக் கோடு இழுப்பேன். திருப்பினால் ஓட்டு வரிசை புடைத்து நிற்கும். செங்காவி அடித்து, காய்ந்ததும் பள்ளங்களில் நீர்த்த கறுப்பைத் தடவுங்கள். காரைக்குடியில் மழைக்குப் பிறகு பார்க்கும் கூரை அப்படியே வந்துவிடும்.