வாலில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: போர் விமானப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

நாகர்கோவில் வடசேரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பிழைப்பு கல்யாண வீடு, பைத்தியம் போர் விமானம். இருபத்தாறு வருஷமாக இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. கல்யாணத்தில் ஒரு படம் தவறிப்போனால் மாப்பிள்ளையை இன்னொரு தடவை மாலையைப் பிடிக்கச் சொல்லலாம். சுகோய் போர் விமானத்திடம் அந்தப் பேச்சு நடக்காது. நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டு அனுப்பிய கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

அண்ணாச்சி, நம்ம மாவட்டத்தில் விமானத் தளமே இல்லையே. இங்கே இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கு எப்படி? (திங்கள்சந்தை)

தளம் என்ன, பயணிகள் விமான நிலையம்கூட இல்லை. ஆனால் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1984 முதல் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம். கொச்சியில் கடற்படையின் விமானத் தளம் ஐ.என்.எஸ். கருடா. கிழக்கே உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து. வடக்கே போனால் தஞ்சாவூர், சூலூர், அரக்கோணம்.

கடற்கரையை ஒட்டி அடிக்கடி போவது டோர்னியர். உடம்புக்கு மேலே இறக்கை, இரண்டு விசிறி, பெரிய வேகம் கிடையாது. எண் ‘சி.ஜி.’ என்று தொடங்கினால் கடலோரக் காவல்படை, ‘ஐ.என்.’ என்றால் கடற்படை. ஹெலிகாப்டருக்கும் இதே கணக்குத்தான்.

ஒக்கிப் புயல் நேரத்தில், 2017 நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும், இந்த விமானங்களைத் தெரியாத ஆள் நம் கரையில் கிடையாது. அப்போது ஒரு நாள் குளச்சலில் நின்றேன். மேலே சத்தம் கேட்டால் கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அது திரும்பிப் போகும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கேமரா என் தோளில்தான் கிடந்தது, கை போகவில்லை. அந்த டோர்னியரின் எண்ணை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தளத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே, பொது ரோட்டில் நின்று எடுத்தால் தப்பா? வெளிநாட்டில் வேலி ஓரம் ஏணி போட்டே எடுக்கிறார்களே? (தக்கலை, கல்லூரி மாணவர்)

அங்கே எடுக்கிறார்கள், வாஸ்தவம். பிரிட்டனில் சில தளங்களின் வேலிப் பக்கம் அதற்கென்றே கூட்டம் சேரும். அதை இங்கே நினைக்காதே தம்பி. நம் படைத் தளங்கள் 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு நினைத்து அதன் பக்கத்தில் சுற்றினாலோ, படம் வரைந்தாலோ 14 ஆண்டுவரை சிறை. உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, சரி. ஆனால் அது இல்லை என்பதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விளக்க வேண்டியவன் நீதான்.

நான் விளக்கியிருக்கிறேன். 2001-ல் ஒரு தளத்தின் பக்கம், ஊர் பேர் வேண்டாம், சாலையோரம் நின்று டெலி லென்ஸை மாட்டினேன். மூன்றாவது படத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. நாலு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அடிக்கவில்லை, டீகூடக் கொடுத்தார்கள். கடைசியில் ஒருவர் கேமராவின் பின்மூடியைத் திறந்து, பிலிம் சுருளை நிதானமாக, முழம் போடுவதுபோல வெளியே இழுத்தார். அதே சுருளில் முந்தின நாள் எடுத்த நிச்சயதார்த்தம் பத்துப் படம் இருந்தது. அந்தப் பெண் வீட்டாரிடம் சொல்ல நான் பட்ட பாடு ஜீப்புக்குப் பட்டதைவிடப் பெரிது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, தப்பு என்னுடையது.

தளத்தில் மட்டுமல்ல, சாதாரண விமான நிலையத்திலும் விமான விதிகள் 1937-ன் 13-ஆம் விதி படமெடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. படைத்தளத்தோடு சேர்ந்த நிலையங்களில் இன்னும் கடுமை. விஜயநாராயணம் பக்கம் போகும்போது கடற்படையின் உயரக் கோபுரங்கள் கண்ணை இழுக்கும். கூடங்குளமும் அப்படித்தான். பார்த்துக்கொண்டே பைக்கை விடுங்கள், நிறுத்த வேண்டாம்.

2025-ல் திருவனந்தபுரத்தில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் எஃப்-35 விமானத்தை நீங்கள் எடுத்தீர்களா? (களியக்காவிளை)

ஜூன் 14-ஆம் தேதி இறங்கியது, ஜூலை 22-ல்தான் கிளம்பியது. ஒரு மாசத்துக்கு மேல் நம் வீட்டு வாசலில் நின்றது மாதிரி. கேரளச் சுற்றுலாத் துறையே அதை வைத்துக் கேலி விளம்பரம் போட்டது. ஸ்டுடியோவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

எடுக்கவில்லை. அது நின்ற இடம் விமான நிலையத்துக்குள். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை, சுவரேறிக் குதிக்க வயசும் இல்லை. மனசு கேட்காமல் ஒரு தடவை பஸ் ஏறிப் போய், சங்குமுகத்தில் ஒரு சுக்குக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

தேஜஸ் போர் விமான ஸ்குவாட்ரன் சூலூரில் என்கிறார்கள், குஜராத்தில் என்றும் சொல்கிறார்கள். ஒரு ஸ்குவாட்ரன் எப்படி இடமும் விமானமும் மாறிக்கொண்டே இருக்கிறது? (மார்த்தாண்டம்)

இதற்குப் பதில் சொல்லத்தான் நான் உட்கார்ந்ததே.

ஸ்குவாட்ரன் என்பது விமானம் அல்ல, படைப்பிரிவு. ஓர் எண், ஒரு சின்னம், வழிவழியாக அதில் வேலை பார்த்த ஆட்கள். நம் தறவாட்டுப் பேர், குடும்பப் பேர் மாதிரி. வீடு இடிந்து புதுவீடு கட்டினாலும், அதை விற்று வேறு ஊருக்கே போனாலும் பேர் கூட வரும். பழைய விமானம் ஓய்வு பெற்று, புதிது இன்னும் வராவிட்டால் அந்த எண்ணைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதற்கு ‘நம்பர் பிளேட்’ செய்வது என்று பேர். புதிய விமானம் வரும் நாளில் எண்ணுக்கு மறுபடி உயிர் கொடுப்பார்கள்.

18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பேர் ஃப்ளையிங் புல்லட்ஸ். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேல் தன்னந்தனியாகச் சண்டையிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஓட்டியது இந்த ஸ்குவாட்ரனின் நாட் விமானம். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். பிறகு மிக்-27 வந்தது. 2016-ல் எண்ணை எடுத்து வைத்தார்கள். 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸோடு மறுபடி தொடங்கியது. 2024-ல் குஜராத்தின் நலியாவுக்கு மாறியது.

அடுத்து 45, ஃப்ளையிங் டாகர்ஸ். 1999 ஆகஸ்டில் பாகிஸ்தானின் அட்லாண்டிக் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய மிக்-21 இந்த ஸ்குவாட்ரனுடையது. அப்போது அது இருந்த இடம் எது தெரியுமா? நலியா! 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் முதல் தேஜஸ் ஸ்குவாட்ரனாக எழுந்து, 2018-ல் சூலூருக்கு வந்தது. நலியாக்காரன் சூலூருக்கு வந்தான், சூலூர்க்காரன் நலியாவுக்குப் போனான். ஆகவே நீங்கள் கேட்ட இரண்டும் சரிதான், எந்த எண், எந்த வருஷம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்.

தஞ்சாவூரில் 222, டைகர்ஷார்க்ஸ். 1969-ல் சு-7, பிறகு மிக்-27. 2020 ஜனவரி 20 முதல் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30. கடற்படையிலும் இதே கதை. அரக்கோணத்தின் 312-ல் நாலு எஞ்சின் கடல் கண்காணிப்பு விமானமான டியு-142 கடைசியாக 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றது. இப்போது அதே எண்ணில் பி-8ஐ பறக்கிறது. கிழட்டு டியு-142 ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். அனுமதிச்சீட்டு வாங்கி, ஆசை தீர எடுக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன், தேதி எழுதாத விமானப் படம் பாதிப் படம். ‘சூலூர் தேஜஸ்’ என்று மட்டும் எழுதி வைத்தால் பத்து வருஷம் கழித்து அது எந்த ஸ்குவாட்ரன் என்று உங்களுக்கே தெரியாது.

அப்பா விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவர். இறந்துவிட்டார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் விமானத்தின் பக்கம் நிற்கிறார், வாலில் ‘டி.எஸ்’ என்று தொடங்கும் எண். எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியுமா சார்? (இரணியல்)

முடியும் அக்கா, பாதிவரை. ‘டி.எஸ்’ மிக்-27-க்கு இட்ட எழுத்து. சுகோய்-30-க்கு ‘எஸ்.பி’, தேஜஸுக்கு ‘எல்.ஏ’ போல. மிக்-27 2019 டிசம்பர் 27 அன்று ஜோத்பூரில் முழுவதுமாக விடைபெற்றுவிட்டது. ஆனால் எழுத்து விமானத்தின் வகையைச் சொல்லுமே தவிர, ஸ்குவாட்ரனைச் சொல்லாது. ஒரே விமானம் பல ஸ்குவாட்ரன்களில் கைமாறும்.

ஸ்குவாட்ரனைக் கண்டுபிடிக்க மூக்குப் பக்கமோ வாலிலோ சின்னம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அப்பாவின் தொப்பி, சட்டைக் கை, பின்னால் தெரியும் கட்டடம் எல்லாவற்றையும் பாருங்கள். அதைவிட முக்கியம், படத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் பின்னால் முத்திரை குத்துவார்கள். ஊர் பேர் அதிலேயே இருக்கும். அவருடைய பணிப் புத்தகம் வீட்டில் இருந்தால் எந்த வருஷம் எங்கே என்று பொருத்திவிடலாம். ஒட்டுப் பசை போட்ட ஆல்பத்தில் இருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம்.

ஹெலிகாப்டர் எடுத்தால் பொம்மை மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. ஏன்? (ஆரல்வாய்மொழி)

ஷட்டர் வேகம் கூடிப்போச்சு. 1/2000-ல் எடுத்தால் விசிறி அசையாமல் உறைந்துவிடும். ஹெலிகாப்டருக்கு 1/125 பக்கம் இறங்குங்கள், டோர்னியர், ஏ.என்-32 போன்ற விசிறி விமானங்களுக்கு 1/250 வரை போகலாம். ஜெட்டுக்கு 1/1000-க்குக் குறையாமல். வேகம் குறையும்போது கை ஆடும். அதனால் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி விமானத்தோடு கூடவே போக வேண்டும், சுட்ட பிறகும் நிறுத்தாமல். இருபது எடுத்தால் மூன்று தேறும். அது தோல்வி இல்லை, கணக்கே அவ்வளவுதான்.

வானம் வெளுத்திருந்தால் விமானம் கரியாக வரும். ஒளி அளவை ஒரு படி கூட்டி வையுங்கள்.

பழக இடம்? (கன்னியாகுமரி)

சின்னமுட்டம் துறைமுகம், காலை ஆறரைக்கு. மீன் இறங்கும் நேரம் செம்பருந்து சுற்றிச் சுற்றி வரும். அதைப் பிடிக்கத் தெரிந்தவன் சுகோயைப் பிடிப்பான். மணக்குடிக் காயலில் ஆலாப் பறவை மீனுக்குப் பாய்வதை எடுத்துப் பாருங்கள், விமானப்படையின் சாகசக் குழு சூர்ய கிரண் அதைவிட எளிது. பதினோரு மணிக்கு மேல் மூட்டை கட்டிவிடுங்கள். சூடேறிய தரைக்கு மேல் காற்று நெளியும், எத்தனை லட்ச ரூபாய் லென்ஸும் அதில் ஒன்றும் செய்யாது.

உப்புக் காற்றை மறக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கேமராவின் உடலைத் துடையுங்கள், கண்ணாடியை முதலில் ஊதி, அப்புறம் துடையுங்கள். நான் சட்டை நுனியால் துடைத்துக் கெடுத்த லென்ஸ் ஒன்று இன்னும் கடையில் காகிதம் பறக்காமல் இருக்கக் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் தைரியமாகப் போர் விமானம் எடுக்க எங்கே போவது? (குலசேகரம்)

அவர்களே கூப்பிடும் இடத்துக்கு. பெங்களூர் எலகங்காவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. 2025 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்-35-உம் ரஷ்ய சு-57-உம் ஒரே இடத்துக்கு வந்தன. சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை நாள் காட்சி. திருவனந்தபுரம் சங்குமுகத்தில் 2025 டிசம்பர் 3 அன்று கடற்படைக் காட்சி.

நம் ஊரில் ஒரே கரையில் நின்று உதயமும் அஸ்தமனமும் பார்க்கிற நமக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியும். மெரினா கிழக்கே பார்த்த கரை, விமானம் பறப்பது கடலுக்கு மேல், ஆகவே காலையில் வெயில் உங்கள் கண்ணில். சங்குமுகம் மேற்கே பார்த்த கரை, மாலையில் வெயில் கண்ணில். இரண்டிலும் நிறம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நிழலுருவாக எடுக்க முடிவு செய்துகொண்டு போங்கள்.

மெரினாவில் அன்று வெயிலிலும் நெரிசலிலும் உயிர்களே போயின. தண்ணீர், தொப்பி, திரும்பி வரும் வழி, இந்த மூன்றும் முதலில். லென்ஸ் நாலாவது.

எடுத்ததை உடனே வாட்ஸ்அப்பில் போடலாமா? (கொட்டாரம்)

காட்சியில் எடுத்ததைத் தாராளமாக. தற்செயலாக வானத்தில் போனதை, அதுவும் பாகிஸ்தானோடு மோதல் நடந்த 2025 மே மாதம் மாதிரிப் பதற்றமான நேரத்தில், போடாதீர்கள். எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசை என்று சேர்த்துப் போட்டால் அது படமல்ல, தகவல். உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள், அது எங்கேயும் போகாது.

எந்தக் கேமரா வாங்க அண்ணாச்சி? (தோவாளை)

இருக்கிறதை வைத்து ஆறு மாசம் பருந்து எடுங்கள். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் நான் சின்னமுட்டத்தில் ஐஸ் பிளான்ட் பக்கம் நிற்பேன். என்னுடைய 150-600 லென்ஸைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்க்கலாம். கை வலிக்கும், சொல்லிவிட்டேன்.