டோக்கியோ வீட்டுக்குள் பொருள் வருவது எளிது, வெளியே போவதுதான் செலவு

தம்பி, அடுத்த மாதம் மனைவி, 3 வயது மகளோடு டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதிக்குக் குடிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை, மழலையர் பள்ளி, மளிகை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: "சாமான் குறைவாக வைத்து வாழ ஆசை, அதைப் பல வருடம் அப்படியே காப்பாற்ற முடியுமா?" வாடகை விஷயம் உங்கள் கம்பெனியிலேயே தெரிந்துவிடும். பள்ளிக்கு எதோகவா வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். மளிகை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைக்கும். அந்தக் கடைசி வரிக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் 3 மாதத்தில் வீட்டுக்குள் ஏற்றியதைத்தான் நம் ஆட்களில் பலர் 10 வருடம் கழித்தும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

ஊரில் பழைய சாமானைப் போட்டால் நமக்குக் காசு வரும். இங்கே நாம் காசு கொடுக்க வேண்டும். டோக்கியோவின் 23 வார்டுகளில், ஏதாவது ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேல் நீளமாக இருக்கும் வீட்டுப் பொருளை மற்ற குப்பையோடு வைக்க முடியாது. அது 'சொதாய் கோமி', பெரிய குப்பை. போனிலோ இணையத்திலோ முன்பதிவு செய்தால் கட்டணமும் தேதியும் சொல்வார்கள். அந்தத் தொகைக்கு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஸ்டிக்கர் வாங்க வேண்டும். 200 யென், 300 யென் என்று இரண்டு வகை இருக்கிறது, தொகைக்கு ஏற்றபடி சேர்த்து வாங்கி, பெயரோ பதிவு எண்ணோ எழுதி ஒட்டி, குறித்த நாளில் காலை 8 மணிக்குள் வெளியே வைத்துவிட வேண்டும். கட்டணம் பெரும்பாலும் 400 யென்னில் தொடங்கும். டிசம்பரிலும் வீடு மாறும் மார்ச், ஏப்ரலிலும் உடனே தேதி கிடைக்காது, வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கும் இந்த வழியிலும் போகாது. 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி இவற்றுக்கு மறுசுழற்சிக் கட்டணம் பொருளைப் பொறுத்து சில ஆயிரம் யென் வரை, எடுத்துப்போகும் கூலி தனி. ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு "இலவசமாக எடுக்கிறோம்" என்று வரும் சின்ன லாரிகளைக் கூப்பிடாதீர்கள். அவற்றில் பல உரிமம் இல்லாதவை, ஏற்றிய பிறகு பணம் கேட்பார்கள். இரவில் குப்பை வைக்கும் இடத்தில் நைசாக விட்டுவரலாம் என்றும் நினைக்க வேண்டாம். சட்டவிரோதமாகக் கொட்டினால் 5 வருடம் வரை சிறை, 1 கோடி யென் வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இது புரிந்தால் அடுத்த எச்சரிக்கையும் புரியும். ஊர் திரும்பும் குடும்பங்கள் "சோஃபா, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் சும்மாவே எடுத்துக்கோங்க" என்பார்கள். நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் 9 வருட மெஷினைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது, தான் கட்ட வேண்டிய கட்டணத்தை அவரைக் கட்டவைப்பதுதான். இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மின்சாதனம் என்றால் தயாரித்த வருடம் அதன் லேபிளில் இருக்கும், பாருங்கள். 5 வருடம் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பழைய பொருள் கடைகளில் பலவும் அதற்கு மேல் வாங்க யோசிக்கும்.

பெட்டி கட்டும்போதே பாதியைத் தடுக்கலாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். ஊர் 230 வோல்ட் மிக்ஸி இங்கே திணறும். அதற்கென்று டிரான்ஸ்பார்மர் வாங்கினால் அடுப்படியில் இரும்புக் குண்டு போல ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவுக்கென்று செய்யும் 110 வோல்ட் மிக்ஸி கொஞ்சம் வேகம் குறைந்தாலும் நேரடியாக ஓடும். வீட்டில் கேஸ் அடுப்பா, ஐஎச் எனப்படும் இண்டக்‌ஷனா என்று முன்கூட்டியே கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் வேலைக்கு ஆகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள எவர்சில்வரை மட்டும் எடுத்து வாருங்கள். நபருக்கு இரண்டு என்று மூன்று பேருக்கு ஆறு சூட்கேஸ் வரும். ஒவ்வொன்றும் 30 செ.மீ. தாண்டும் பெரிய குப்பைதான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில் வாங்கி, மீதியில் பருவம் மாறும்போது போடாத துணியை வையுங்கள்.

பழைய பாணி வீடானால் 'ஓஷிஇரே' என்ற அலமாரி இருக்கும். ஃபுதோன் எனப்படும் தரையில் விரிக்கும் மெத்தையை மடித்து வைக்கச் செய்தது, சுமார் 80 செ.மீ. ஆழம். அந்த ஆழம்தான் வம்பு. முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று வைத்தால் பின்வரிசை மறந்தே போகும். சக்கரம் வைத்த பலகையில் ஏற்றினால் தவிர இரண்டு வரிசை வேண்டாம். நெருக்கி அடைத்தால் பூஞ்சையும் வரும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ஈரம், குளிர்காலத்தில் வெளிச்சுவர் குளிர்ந்து உள்பக்கம் நீர் படிவது, இரண்டும் காரணம். கீழே மரச் சட்டப் பலகை, சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி, தினமும் கொஞ்ச நேரம் கதவு திறப்பு. கவனிக்காமல் விட்ட பூஞ்சைக்கு, காலி செய்யும்போது உங்களிடம்தான் காசு கேட்பார்கள். பட்டுப் புடவையை பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஜப்பானியர்கள் கிமோனோவை ஜனவரி, பிப்ரவரியின் காய்ந்த காற்றில் நிழலில் ஆறப்போடுவார்கள். பட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இங்கே 'தன்ஷாரி' என்று ஒரு சொல் உண்டு. 'தன்' என்றால் வருவதைத் தடுப்பது, 'ஷா' என்றால் இருப்பதைக் கழிப்பது, 'ரி' என்றால் பற்றிலிருந்து விலகுவது. நம்மவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 'ஷா'வை மட்டும் செய்துவிட்டு, நூறு யென் கடையில் பத்து பிளாஸ்டிக் டப்பா வாங்கி வருகிறார்கள். கழித்து முடித்து, மிச்சத்தை அளந்த பிறகுதான் டப்பா. குழந்தைத் துணியின் அளவு இங்கே உயரத்தை வைத்துத்தான்: 90, 100, 110. இப்போதைய அளவும் அடுத்த அளவும் மட்டும் வீட்டில் இருக்கட்டும், சிறுத்ததை அந்த மாதமே யாருக்காவது கொடுங்கள். பள்ளியிலிருந்து வரும் காகிதத்தை வந்த அன்றே போனில் படம் எடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டிக்கு வாரம் ஒரு நாள் உண்டு, கயிறு கட்டி வைத்தால் காசில்லாமல் போய்விடும். "திரும்பிப் போகும்போது உதவும்" என்று டிவி பெட்டியைப் பரணில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிலநடுக்க நாட்டில் படுக்கைக்கு மேலே எதையும் அடுக்காதீர்கள்.

2000-ஐ ஒட்டி கணினி வேலைக்காக நிஷி-கசாயில் குடியேறியவர்கள் காலத்தில் இந்த ஊர் வேறு. துவரம் பருப்புக்கும் புளிக்கும் அலைய வேண்டும், அதனால் ஊர் போய்வரும் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு வருடச் சரக்கு இருக்கும். போகிறவர்கள் விட்டுச்சென்ற குக்கரும் எவர்சில்வர் டப்பாவும் வருகிறவருக்கு உண்மையிலேயே பெரிய உதவியாக இருந்தன. கடைகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கட்டிலுக்கடியில் 10 கிலோ பருப்பை வைத்து, மழைக்காலத்தில் வண்டு விழுந்து கொட்டும் வீடுகள் இன்றும் உண்டு. நீங்கள் வரும்போது புளி அரைக் கிலோ எடுத்து வாருங்கள், முதல் இரண்டு வாரத்துக்கு அது தாராளம்.