வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தையற்காரர், பிளஸ் டூ முடித்த மகளோடு வந்தார். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க, வீட்டை அடகு வைக்கச் சொல்கிறாராம் தாய்மாமன். “பயமா இருக்கு சார்” என்றார்.

பயம் நியாயம்தான் அண்ணே. அடகு வைக்காதீர்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. 2021 முதல் இதுதான் நடைமுறை. அப்படியிருக்கக் கடன் பேச்சு எதற்கு? மாமாவிடம் நானே பேசுகிறேன்.

கோடிங் பிடிக்கவில்லை என்று அவள் மூன்று முறை சொன்னாள். நீங்கள் துணி வெட்டும்போது, காகித அச்சை எப்படித் திருப்பி வைத்தால் துணி மிச்சமாகும் என்று பார்ப்பது அவள்தானாமே?

அந்தக் கண்ணுக்குச் சிப் துறையில் வேலை இருக்கிறது. பெயர் லேஅவுட்: சிப்புக்குள் எந்தப் பாகம் எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து அடுக்குவது. 1971இல் இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி சுவிட்சுகள்; 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி. பெரும்பகுதியை மென்பொருளே அடுக்கிவிடும். ஆனால் ஒலி போலத் தொடர்ந்து மாறும் சிக்னலைக் கையாளும் அனலாக் சுற்று, தகவலைச் சேமிக்கும் மெமரி செல் போன்றவற்றை இன்றும் ஆள் உட்கார்ந்துதான் வரைய வேண்டும். இடம் சுருங்கினால் ஒரே வேஃபரில் (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) கூடுதல் சிப் கிடைக்கும், ஒரே துணியில் கூடுதல் ரவிக்கை மாதிரி.

லேஅவுட் வரையும் ‘மேஜிக்’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து கொடுத்தேன். பச்சைப் பட்டையைச் சிவப்புப் பட்டை குறுக்கே கடந்தால் அந்த இடம் ஒரு டிரான்சிஸ்டர். உலோகக் கம்பிக்குத் தனி நிறம். சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் தொழில்நுட்ப விதிப்படி, முதல் உலோக அடுக்கில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 0.14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியாவது வேண்டும். குறைந்தால் அங்கே வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அவளுக்கும் தோன்றின. கம்பியை நகர்த்தாமல் பக்கத்துப் பட்டையைத் திருப்பிப் போட்டாள், புள்ளிகள் மறைந்தன. அரைமணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

சரி, அரசுக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுங்கள். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம். இரண்டாம் ஆண்டிலிருந்தே வரைந்து பழகட்டும். வளாகத் தேர்வை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்; பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் தேடிப்போக வேண்டிய வேலை இது. படிப்பு முடிந்ததும் பயிற்சி மையம் லட்சக்கணக்கில் கேட்டால், கொடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும்.