நிலைப்படியில் நிற்கும் கால்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. மாத்திரை தவறுவதில்லை. ஆனால் முகப்பிலிருந்து வளவுக்குள் வரும்போது, கால் தரையில் ஒட்டிக்கொண்டது மாதிரி நிலைவாசலில் நின்றுவிடுகிறார். இதற்கு நடனமும் ஒரு சிகிச்சை என்று படித்தேன். வீட்டில் சொன்னால் 'இந்த வயசுல ஆடச் சொல்றியா' என்கிறார்கள். இதில் உண்மை உண்டா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உண்மை உண்டு. ஆனால் அது மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூடக் குறைத்துவிடாதீர்கள்.

நிலைவாசல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் கண்டனூர் வீடு ஞாபகம் வந்துவிட்டது. நிலைப்படியில் நிற்காதே என்று எங்களைத் திட்டி வளர்த்த அப்பத்தா, கடைசிக் காலத்தில் அந்தப் படியருகேதான் அசையாமல் நிற்பார். நம் வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலுக்குப் பின்னால் வாசல். இந்த நோயில் கால் உறைந்து நிற்பது பெரும்பாலும் இப்படிக் குறுகலான இடத்திலும், திரும்பும்போதும்தான். எங்களுக்கு அது தெரியாது. பிடிவாதம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தோம். உடம்பு முன்னால் வரும், பாதம் வராது. இரண்டு தடவை விழுந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அப்புறம் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான், 'இழுக்காதீங்க, தாளம் போடுங்க' என்றார். சின்னத்தை பக்கத்தில் நின்று கும்மி தட்டினார். அப்பத்தாவின் உடம்பு முதலில் இடமும் வலமுமாக லேசாக அசைந்தது. நாலாவது தட்டில் வலது குதிகால் எழுந்தது. அடுத்த தட்டில் பாதம் படியைத் தாண்டிவிட்டது. வளவின் தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு மிதிக்கச் சொன்னதும், தரையைப் பார்த்துக்கொண்டே எட்டு வைத்து நடந்தார்.

பழகிய அசைவுகளை நாம் யோசிக்காமலே செய்வதற்கு மூளையின் ஆழத்தில் சில பகுதிகள் உதவுகின்றன. அதற்கு டோபமைன் என்ற மூளை ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் இந்த நோயில் அழிந்துபோகின்றன. 'காலை எடு' என்ற உத்தரவு உள்ளேயிருந்து வராதபோது, காதில் விழும் தாளமோ கண்ணில் படும் கோடோ அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நடனத்தில் தாளமும் இருக்கிறது, கூட ஆட ஆளும் இருக்கிறார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001 முதல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. சொல்லித்தருகிறவர்கள் நடனக் கலைஞர்கள். டாங்கோ என்ற ஜோடி நடனம் ஆடியவர்களுக்குச் சமநிலை மேம்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனநலத்துக்கான நடன சிகிச்சை இதிலிருந்து கொஞ்சம் வேறு. அது 1942-இல் மரியன் சேஸ் வாஷிங்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய வழி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது. பார்க்கின்சனையே குணமாக்குகிறேன் என்று யாராவது காசு கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று அம்மாவுக்கே தெரியும். அப்போது நாற்காலியில் உட்காரவைத்துக் கும்மி தட்டச் சொல்லுங்கள். சில நாள் கழித்து, நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்று ஆடட்டும். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும், கழுவிய உடனே வேண்டாம். கும்மியில் சுற்றி வர வேண்டும், திரும்புவது அம்மாவுக்குக் கஷ்டம். அதனால் வட்டத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். பேரப்பிள்ளைகளும் சேர்ந்து தட்டட்டும். தனியாக ஒருவரை மட்டும் ஆடச் சொன்னால் அது உடற்பயிற்சியாகிவிடும், நாலு நாளில் விட்டுவிடுவார்.

வீட்டில் நடனம் என்று சொல்லாதீர்கள், கும்மி என்று சொல்லுங்கள். முளைப்பாரி எடுக்கும்போது எழுபது வயதுக்காரர்கள் சுற்றி வருவதை நம் ஊரில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அம்மா சின்ன வயதில் தட்டிய பாட்டு எது என்று கேட்டு, அதிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தப் பாட்டுக்குக் கால் எழுந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.