கந்த என்றால் மலையா, மரமா?

வணக்கம் ஐயா. உவர்மலையில் வீட்டோடு சிங்கள வகுப்பு நடத்துகிறேன். எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். போன மாதம் ஒரு தாய், "சிங்கள ரீச்சரிடம் விட்டால்தானே உச்சரிப்பு வரும்" என்று மகளை நிறுத்திவிட்டார். என் மாமாவோ, "அந்தப் பாஷையை நீ ஏன் படிப்பிக்கிறாய்?" என்கிறார். மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. எனக்கு இதற்குத் தகுதி இல்லையா?
ச., திருகோணமலை

அன்புள்ள ச.,

அந்தத் தாய் சொன்னதில் பாதி சரி. பிள்ளைகளின் காதில் சிங்களம் விழவேண்டும். அதற்கு ரீச்சரை மாற்றுவானேன்? அனுராதபுரச் சந்திப் பக்கம் கடைக்கு அனுப்பினாலே போதும்.

மீதிப் பாதிக்கு ஒரு சொல்லை எடுங்கள். சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. அதிலுள்ள 'ந்'தை அரைகுறையாக, மூக்கால் தொட்டும் தொடாமலும் சொன்னால் அடிமரம். எழுத்தும் வேறு. நம் பிள்ளைகள் கொப்பியில் இரண்டையும் 'கந்த' என்றே தமிழில் குறித்துக்கொள்வார்கள், மலையைக் காட்டி மரம் என்பார்கள். பிறந்ததிலிருந்து சிங்களம் கதைப்பவருக்கு இதில் என்ன கஷ்டம் என்றே விளங்காது; இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். உங்கள் நாக்கு அங்கே ஒருதரம் இடறி எழும்பியது. எந்த இடத்தில் என்று உங்களுக்குத் தெரியும்.

மாமாவோடு சண்டை பிடிக்காதீர்கள். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாட்டில் அவர் அப்படித்தான் கேட்பார். நான் முதலில் கற்ற சிங்கள வசனமே 'கொஹெத யன்னெ?' எங்கே போகிறாய் என்று அர்த்தம். கற்ற இடம் சோதனைச்சாவடி. பதில் தெரிந்தும் வாய் வரவில்லை. இன்றைக்கும் யாராவது சாதாரணமாக அதைக் கேட்டால் கை அடையாள அட்டையைத் தேடும். உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை; அவர்களுக்கு அது கிரிக்கெட் வர்ணனையின் மொழி.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. அரச வேலையில் புதிதாகச் சேர்கிறவர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேறவேண்டும் என்று 2007இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. சிங்கள உத்தியோகத்தர் 'ழ'வோடு மல்லுக்கட்டும்போது, தமிழ் படிக்க உமக்கென்ன தகுதி என்று நாம் கேட்பதில்லை. பாவம் என்று தேத்தண்ணிதான் கொடுக்கிறோம்.

அப்புறம், கொப்பி ஓரங்களைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கியதையும் வரைந்ததையும் ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொண்டார். உங்கள் பிள்ளைகளும் ஏதாவது கீறி வைத்திருப்பார்கள்.

'கந்த' பாடம் எடுக்கும் நாளில் அந்தத் தாயையும் கூப்பிட்டுப் பின்வாங்கில் இருத்துங்கள். அவரையும் ஒருதரம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.