மூன்று சக்கர ஸ்ட்ரோலரும் மாமாவின் ஏசியும்

கேள்வி: எனக்கு 32 வயது. மேடவாக்கத்தில் வசிக்கிறோம். என் சம்பளம் கைக்கு 84,000 ரூபாய், மனைவிக்கு 46,000. வீட்டுக் கடன் தவணை 38,500. முதல் குழந்தைக்கு இப்போது நான்கு மாதம். மனைவியின் பிரசவ விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. அதன் பிறகு நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம் என்று இருக்கிறாள். அந்த மாதங்களில் வீட்டுச் செலவு 52,000 வரை ஆகும். டெக்சாஸில் இருக்கும் அவளுடைய சித்தி மகள் குழந்தையை மூன்று சக்கர ஸ்ட்ரோலரில் வைத்து ஓட்டப் பயிற்சி போகிற வீடியோவைப் பார்த்ததிலிருந்து அதேபோல் ஒன்று வேண்டும் என்கிறாள். இங்கே விலை 33,000. ஜிபேயில் முழுப் பணமும் கட்டினால் 2,500 குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் 12 மாதம், மாதம் 2,750. எது லாபம்? எங்களிடம் இருப்பது சிஎன்ஜி வேகன் ஆர். மனைவி பெயரில் குழந்தைக்காக 1,50,000 எஃப்டி இருக்கிறது. அதைத் தொடுவதாக இல்லை. கார்டு பில் சற்று அதிகமாக வருகிறது. அக்கா வீட்டுக்காரருக்கு ஏசி, போன், அவர் மகனுக்கு லேப்டாப் மூன்றையும் என் கார்டில் இஎம்ஐ போட்டுக் கொடுத்தேன். மாதம் 11,500 அவர் தர வேண்டும், சில நேரம் தாமதமாகிறது. 2011-ல் என் கல்லூரி ஃபீஸுக்காகத் தன் வளையல்களை அடகு வைத்தவள் அக்கா. அதனால் கறாராகக் கேட்க முடியவில்லை. பில் நகல் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ஸ்ட்ரோலருக்கு வருகிறேன். முதலில் பில்.

"சில நேரம் தாமதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லில் பழைய பாக்கி 41,000 என்று இருக்கிறது. மாதம் 11,500 என்றால் மூன்றரை மாதத் தவணை. மாமா தாமதிக்கவில்லை, நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டு மளிகை, டயாப்பர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வரும் 26,500-ஐ மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள், அவர் பங்கு அப்படியே நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையைவிட அதிகம்தானே கட்டுகிறோம் என்ற நிம்மதி உங்களுக்கு.

அதே பில்லின் கீழ்ப்பகுதியில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஃபைனான்ஸ் சார்ஜ் 1,940. அதன் மேல் ஜிஎஸ்டி 349. மாதத்துக்கு மூன்றரை சதவீத வட்டி இது. 41,000-க்கு மூன்றரை சதவீதம் 1,435தானே, 1,940 எப்படி வந்தது? பழைய பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. மாமா பணம் தராததால் நீங்கள் வாங்கும் பால் பவுடருக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மாதம் 2,289. வருடத்துக்கு 27,000-க்கு மேல். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் வண்டியின் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலே, வங்கிக்குச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மாமா ஏன் சொந்தமாகக் கடன் வாங்கவில்லை என்பதை நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: அவருக்கு யாரும் தர மாட்டார்கள். கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளுக்கு, உங்கள் சிபில் ஸ்கோரை வைத்து நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். இந்தப் பத்திக்கு வரும் கடிதங்களில் இது அடிக்கடி வருகிறது. "தம்பி, ஒரு ஓடிபி வரும், சொல்லு" என்று கடையிலிருந்து போன் வரும். மீட்டிங்கில் இருக்கிறவர் ஆறு எண்ணை வாசித்துவிட்டு வைத்துவிடுவார். அந்த அரை நிமிடத்தில் ஒரு வருடக் கடன் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது. பத்திரமில்லை, கையெழுத்தில்லை, பொருளும் உங்கள் வீட்டில் இல்லை.

அக்காவின் வளையல்களை நான் லேசாக நினைக்கவில்லை. அந்தக் கடன் உண்மையானது, தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதை அக்காவிடம் தீர்க்க வேண்டும். மாமா வீட்டு ஏசி அக்காவின் சேமிப்பு ஆகாது. மனைவி வேலைக்குத் திரும்பியதும் அக்கா பெயரில் அஞ்சலகத்தில் ஐந்து வருட ஆர்.டி. தொடங்கி மாதம் 2,000 போடுங்கள். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் முடிவில் 1,42,000 சொச்சம் அவர் கைக்குப் போகும். பாஸ்புக் அக்காவிடமே இருக்கட்டும். இப்போது மாதம் 2,289 வட்டியாகக் கரைகிறதே, அதைவிட இது குறைவு.

சரி, மாமாவிடம் என்ன சொல்வது? கார்டு தொலைந்துவிட்டது, பிளாக் ஆகிவிட்டது என்றெல்லாம் கதை விடாதீர்கள். புது கார்டு எப்போது வரும் என்று அடுத்த வாரம் கேட்பார். பில்லைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், அக்காவும் இருக்கும்போது. "மாமா, இந்த மூணுக்கும் மீதி இருக்கிற தவணை உங்க அக்கவுண்ட்ல இருந்து ஒண்ணாம் தேதி தானா எனக்கு வந்துடற மாதிரி பேங்க்ல போட்டுக் கொடுங்க. இனிமே கார்டுல எதுவும் வேண்டாம்." இவ்வளவு போதும். பழைய 41,000 பற்றி அன்றைக்கே சண்டை போட வேண்டாம். மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ அவரால் முடிந்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வராமலே போகலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

போவதற்கு முந்தைய இரவு வங்கிச் செயலியில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள், செலவு வரம்பை உங்கள் வீட்டுத் தேவை அளவுக்குக் குறையுங்கள். 2020 அக்டோபரிலிருந்து இந்த வசதியை எல்லா வங்கியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மாமாவின் ஷாப்பிங் செயலிகளில் உங்கள் கார்டு சேமிக்கப்பட்டிருந்தால் அதையும் உங்கள் வங்கியின் தளத்திலிருந்தே நீக்கலாம். முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

அடுத்தது எஃப்டி. குழந்தைக்கான பணத்தைத் தொட மாட்டேன் என்கிறீர்கள். 41,000-க்கு எஃப்டியில் 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 2,870 வரும். அதே தொகை கார்டில் நிற்பதால் 27,000 போகிறது. முன்கூட்டியே உடைப்பதற்கு வங்கி அரை சதவீதமோ ஒரு சதவீதமோ பிடிக்கும், பிடிக்கட்டும். இந்த வாரமே 41,000-ஐ எடுத்து பாக்கியை அடையுங்கள். சிறு சிறு எஃப்டிகளாகப் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

மிச்சம் 1,09,000. மனைவிக்குச் சம்பளம் வராத மாதங்களில் 84,000-இல் வீட்டுக் கடன் போக 45,500 நிற்கும். செலவு 52,000. மாதம் 6,500 துண்டு, நான்கு மாதத்துக்கு 26,000. ஆக 83,000 கையில் இருக்கும். மாமா இனியும் தவணை தராவிட்டால் மாதம் 11,500 இதிலிருந்துதான் போக வேண்டும். நான்கு மாதத்தில் 46,000 போய் 37,000தான் மிஞ்சும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது போதாது. விடுப்புக் கடிதம் கொடுக்கும் முன் மனைவி தன் அலுவலக ஹெச்.ஆரிடம் ஒன்று கேட்கட்டும்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நான்கு மாதம் இரண்டாகக் குறைந்தால் 92,000 ரூபாய் சம்பளம் உள்ளே வரும். அது உங்கள் இருவரின் முடிவு, நான் தலையிடவில்லை. கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன்.

இப்போது ஸ்ட்ரோலர். இஎம்ஐயா, ஜிபேயா என்பதற்கு விடை எளிது. நோ காஸ்ட் என்பது விளம்பரக்காரரின் சொல். வட்டி உண்டு, அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்து மறைக்கிறார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 16 சதவீதம் என்று வைத்தால் உங்கள் 33,000-க்குள் சுமார் 2,700 வட்டி ஒளிந்திருக்கிறது. அதன் மேல் ஜிஎஸ்டி 485, பிராசஸிங் கட்டணம் 200-ம் வரியும். இவை தனியாக வரும். கடைக்காரர் குறைப்பதாகச் சொன்ன 2,500-ம் போய்விடும். மொத்தத்தில் 3,200 கூடுதல். ஆகவே வாங்கினால் முழுப் பணம்.

ஆனால் வாங்கத்தான் வேண்டுமா?

இந்த வண்டி பிறந்ததே ஓட்டக்காரர்களுக்காக. 1980-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாகிமா நகரில், மகனையும் கூட்டிக்கொண்டு ஓடப் போக நினைத்த ஓர் அப்பா சைக்கிள் சக்கரங்களை மாட்டிச் செய்தது. காற்றடைத்த பெரிய டயர், நீளமான உடம்பு, ஓடும்போது நேராகப் பூட்டிக்கொள்ளும் முன் சக்கரம். குண்டும் குழியுமான தெருவில் சின்ன பிளாஸ்டிக் சக்கர வண்டிகளைவிட இது நன்றாகவே போகும், அதை மறுக்கவில்லை. மேடவாக்கத்தில் பிரச்சினை குழி மட்டுமா? நடைபாதையில் பத்தடிக்கு ஒரு பைக், அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர். கடைசியில் வண்டியைச் சாலையில் இறக்கி பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே தள்ளுவீர்கள். மிஞ்சுவது அபார்ட்மெண்ட் உள்சாலை. அங்கே எந்த வண்டியும் ஓடும்.

எடையைக் கடையில் தூக்கிப் பாருங்கள். இந்த வகை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். மடித்தாலும் பருமன் குறையாது. ஆட்டோவில் ஏற்றினால் நீங்கள் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் வேகன் ஆரின் டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைப் பின் சீட்டில் போட்டு, குழந்தையை எங்கே வைப்பது? லிஃப்ட் கதவின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

குழந்தைக்கு நான்கு மாதம்தான் என்பதும் இருக்கிறது. கழுத்து முழுதாக நிற்காத வயதில் முதுகுப் பகுதி நன்றாகச் சாய்ந்து படுக்கை போல ஆக வேண்டும்; ஓடுவதற்கென்று செய்த வண்டிகள் சிலவற்றில் அது பாதிதான் சாயும். வைத்து ஓடுவதானால் ஆறு மாதமாவது ஆகட்டும், எட்டு ஆகட்டும் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் போடுகிறார்கள். குழந்தை மருத்துவரிடமும் கேட்க வேண்டும். உங்கள் மனைவி ஓடுகிறவரா என்று கடிதத்தில் இல்லை. ஓடுகிறவர் என்றால் நான் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். மற்றபடி டெக்சாஸ் பூங்காவுக்கான வண்டியை மேடவாக்கத்துக்கு வாங்குகிறீர்கள். தூக்கிக்கொண்டு போகத் துணி கேரியர், வீட்டில் தூளி, இந்த நான்கு மாதத்துக்கு அவை போதும்.

இதை மனைவியிடம் சொல்லும்போது கவனம். மாமாவுக்கு ஏசி வாங்கிக் கொடுத்தாய், என் குழந்தைக்கு வண்டி இல்லையா என்று கேட்பார். கேட்பது நியாயம். கார்டு விஷயத்தை முடித்துவிட்டு அப்புறம் போய்ப் பேசுங்கள்.

குழந்தை தானாக உட்காரத் தொடங்கியபின்னும் ஆசை இருந்தால் பழையது ஒன்று பாருங்கள். பெரிய அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் விற்பார்கள், 10,000-க்குள் பேசலாம். வாங்கும்போது முன் சக்கரத்தைப் பூட்டிவிட்டு தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஒரு பிரபல வண்டியின் முன் சக்கரம் ஓடும்போதே கழன்றுகொள்வதாகச் சொல்லி 2018-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. ஐந்து முனை பெல்ட் நைந்திருந்தால் வேண்டாம். பிரேக்கைப் போட்டுவிட்டு சரிவில் நிறுத்திப் பாருங்கள். கைப்பிடியில் மணிக்கட்டு வார் இருக்கிறதா என்று பாருங்கள், சரிவில் கை நழுவினால் அதுதான் பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் படம் எடுத்துத் தெருமுனை சைக்கிள் கடையில் காட்டுங்கள். அந்த ட்யூப் இல்லை என்று அவர் சொன்னால் வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.